கேள்வி பதில்: பழைய இங்கிலீஷ் மேல ஒரு பைத்தியம்

கேள்வி: சார், யாருமே பேசாத பழைய இங்கிலீஷ் வார்த்தைங்கன்னா எனக்கு உசுரு. டிக்‌ஷனரிய தொறந்தா மூட மாட்டேன். வீட்ல வெட்டி வேலைங்கறாங்க, நிஜமாவா?

பதில்: வெட்டி வேலைதாங்க, அதனாலதான் அவ்ளோ ருசி! 'ஓவர்மாரோ'ன்னு ஒண்ணு இருந்துச்சு, 1535ல வந்த கவர்டேல் பைபிள்லயே (மைல்ஸ் கவர்டேல் கொண்டு வந்த இங்கிலீஷ் பைபிள்) இருக்கு, அர்த்தம் நாளான்னிக்கு. நாம ஒரே வார்த்தைல முடிச்சிடறோம், அவங்க கைல இருந்தத தொலைச்சிட்டு இப்ப 'தி டே ஆஃப்டர் டுமாரோ'ன்னு நீட்டி முழக்கறாங்க. ஏழு ராத்திரிக்கு 'சென்னைட்', அது போயிடுச்சு, பதினாலு ராத்திரி 'ஃபோர்ட்நைட்' மட்டும் பொழச்சிகிச்சு, என்ன நியாயமோ.

என்னோட ஃபேவரிட் 'அல்ட்ராகிரெப்பிடேரியன்'. கிரேக்க ஓவியர் அப்பெல்லஸோட படத்துல செருப்பு சரியில்லன்னு ஒரு செருப்பு தைக்கறவர் சொன்னாராம், அவரும் திருத்திட்டாரு, உடனே இவருக்கு தைரியம் வந்து காலும் சரியில்லன்னு ஆரம்பிக்க, செருப்போட நிறுத்திக்கப்பான்னுட்டாராம். அந்த கதைய வச்சுதான் 1819ல வில்லியம் ஹாஸ்லிட்டுங்கற இங்கிலீஷ் கட்டுரையாளர், தெரியாத விஷயத்துல மூக்க நுழைக்கற ஒரு விமர்சகர இப்படி திட்டினாரு. திட்டறதுலயும் என்ன ஒரு படிப்பு பாருங்க! (டிவி விவாதம் பாக்கறப்பல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.)

ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதில வழக்கொழிஞ்ச வார்த்தைக்கு பக்கத்துல குட்டியா ஒரு கத்தி குறி (†) போட்டிருப்பாங்க, அத தேடி படிங்க, நேரம் போறதே தெரியாது. ஆனா ஆபீஸ் மெயில்ல மட்டும் வேணாம், அர்த்தம் கேட்டு பத்து போன் வரும்.