பொங்கல் லீவில் அலை வரவில்லை

கேள்வி: அக்கா, பனியன் கம்பெனியில் ஒன்றாக வேலை செய்கிற நாங்கள் பதினொரு பேர், பொங்கல் லீவுக்கு வேன் பிடித்து மாமல்லபுரம் பக்கம் சர்ஃபிங் கேம்ப் போனோம். ஏற்பாடு முழுக்க நான்தான். ஆளுக்கு 6,500 ரூபாய். சவுக்குத் தோப்புக்குள் டென்ட், மூன்று நாள், தினம் ஒரு வகுப்பு என்று பேச்சு. முதல் நாள் கடல் கலங்கிக் கிடந்தது. கோச் யாரையும் இறக்கவில்லை. இரண்டாம் நாள் முழங்கால் உயர அலையில் அரை மணி நேரம் போர்டில் படுத்துப் பழகினோம். மூன்றாம் நாள் அதுவும் இல்லை. ராத்திரிக் காற்றில் இரண்டு டென்ட் சாய்ந்துவிட்டன. திரும்பும்போது வேனில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது நாலு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். கைக்காசு போட்டுக் கொடுக்கட்டுமா? நான் செய்த தப்புதான் என்ன?
(ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களை அதிகம் வருத்துவது பணமில்லை, அதுதான் என்று படிக்கும்போதே தெரிந்தது. லீவு எத்தனை நாள், வேன் வாடகை எவ்வளவு என்று எல்லாம் பார்த்திருக்கிறீர்கள். மாதத்தைப் பார்க்கவில்லை.

சர்ஃபிங்குக்கு ஏற்ற நல்ல அலை நம் கரையில் பிறப்பதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கிற புயல்காற்று நீரைத் தள்ள, அங்கிருந்து கிளம்பி வருகிற அலைக்கூட்டம் அது. ஸ்வெல் என்பார்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் 14 விநாடி இடைவெளி இருந்தால், அந்தக் கூட்டம் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். நம் கரையைத் தொடப் பல நாள் ஆகும். அந்தப் புயல்கள் வலுப்பது அங்கே குளிர்காலத்தில். நமக்கு அது வைகாசி முதல் ஆவணி வரை. தையில் அங்கே கோடை, அதனால் வரத்தும் குறைவு. போதாததற்கு நம் கிழக்குக் கரையில் அப்போது வாடைக்காற்று. கடலிலிருந்து கரையை நோக்கி அடித்து, வருகிற கொஞ்ச அலையையும் கலைத்துப் போடும். ஆறேழு விநாடிக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன அலைகள் ஒன்றன் மேல் ஒன்று விழும். போர்டில் எழுந்து நிற்கச் சரிவான முன்பக்கம் வேண்டும், அலையின் முகம் என்பார்கள். அதில் அந்த முகமே கிடைக்காது. முதல் நாள் நீங்கள் பார்த்த கலங்கல் அதுதான்.

இதே இடத்துக்கு ஆடியில் போயிருந்தால் கதை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து நம் உடுமலை, பல்லடம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறதே மேக்காத்து, அந்தப் பருவக்காற்று கிழக்குக் கரையில் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். வருகிற அலையை எதிரே நின்று தாங்கிப் பிடித்து, முகத்தை வழவழவென்று ஆக்கிவிடும். மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பிவிடும் என்பதால் காலை ஆறு மணிக்கே தண்ணீரில் இருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில்தான் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்று, அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் ஆனார். அந்த மாதத்துக்கு அந்தப் போட்டியை வைத்ததில் அர்த்தம் இருக்கிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனத்தில் மண்டலம் மண்டலமாக முறை வைத்துத் தண்ணீர் வாங்குகிற தோட்டக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் மண்டலத்துக்கு முறை வராதபோது மடையில் போய் நின்றால் வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும்.

2016 ஜூலையில் நானும் இதைத்தான் செய்தேன். கோவையிலிருந்து ஏழு பேரைக் கேரளத்து வர்க்கலைக்குக் கூட்டிப் போனேன். மேற்குக் கரைக்கு அது முழு மழைக்காலம். செம்மண் குன்றுக்குக் கீழே கடல் கபில நிறத்தில் குமுறிக்கொண்டிருந்தது, கரை நெடுகச் சிவப்புக் கொடி. மூன்று நாளும் அறைக்குள்தான். என் நெருங்கிய தோழி அதற்கப்புறம் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. மழை வந்ததற்காக அவள் கோபப்படவில்லை. "கண்டிப்பா அலை இருக்கும், நான் பொறுப்பு" என்று நான் மூன்று தடவை சொல்லியிருந்தேன். அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. நீங்களும் அப்படி ஏதாவது சொன்னீர்களா என்று யோசித்துப் பாருங்கள். சொல்லியிருந்தால் பதினொரு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலேயே, "மாதம் பார்க்காமல் உறுதி கொடுத்தது என் தவறு" என்று எழுதிவிடுங்கள். ஒரு வரி போதும்.

சரி, பணம். வேன், டீசல், சாப்பாடு, டென்ட் வாடகை எல்லாம் எல்லோரும் அனுபவித்துச் செலவானவை. அதை யாரும் யாருக்கும் திருப்பித் தர வேண்டியதில்லை. வகுப்புக் கட்டணம் மட்டும் தனி. மூன்றுக்குக் கட்டி, நடந்தது ஒன்று. அதுவும் அரை வகுப்பு. கேம்ப்காரர்களிடம் மீதி வகுப்புகளை ஜூலை, ஆகஸ்டில் எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். பணமாகக் கேட்பதைவிட இதற்கு ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம். பணமாகவே வந்தால் பதினொரு பேருக்கும் சமமாகப் பிரியுங்கள். சத்தம் போட்ட நாலு பேருக்கு மட்டும் கொடுத்தால், பேசாமல் இருந்த ஏழு பேருக்கு அநியாயம். கைக்காசு வேண்டாம். இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: ஆள் சேர்ப்பவருக்கு இலவசம் என்று சில கேம்ப்களில் சலுகை கொடுப்பார்கள். உங்களுக்கு அப்படி ஏதாவது கிடைத்திருந்தால் அந்தத் தொகையைப் பொதுவில் வைத்துவிடுங்கள்.

அந்தக் கோச்சின் மேல் மட்டும் கோபம் வேண்டாம். முதல் நாள் உங்கள் பணத்துக்காக அவர் தண்ணீரில் இறக்கியிருக்கலாம். கரையிலேயே மடிந்து விழுகிற அலையில் போர்டு திரும்பி வந்து பல்லிலோ கழுத்திலோ அடிப்பது புதியவர்களுக்கு மிகச் சாதாரணமாக நடக்கும். அவர் செய்தது நல்ல காரியம்.

அலை இல்லாத நாளும் வீண் இல்லை. போர்டில் படுத்துக் கையால் துழாவிப் போகிற பேடில்தான் சர்ஃபிங்கில் முக்கால்வாசி வேலை. அமைதியான தண்ணீர் அதற்கு நல்லது. மணலில் போர்டு மாதிரி கோடு கிழித்து, படுத்த நிலையிலிருந்து ஒரே வீச்சில் எழுந்து நிற்பதை நாளுக்கு ஐம்பது தடவை செய்யுங்கள். சாயங்காலம் கடற்கரைக் கோயில் இருக்கிறது, தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. ராத்திரிக்கு அரிசிம்பருப்பு சாதம் வைத்து நெய் ஊற்றிச் சுற்றி உட்கார்ந்தால், வேனில் அந்த மௌனம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

டென்ட் சாய்ந்ததற்கு வழி உண்டு. மணலில் ஆணி நிற்காது. நாலைந்து சாக்குப் பையில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கால் ஆழத்துக்குப் புதையுங்கள். லேசில் அசையாது.

கேள்வி: என் பெண்ணுக்கு 19 வயது. தடப்பள்ளி வாய்க்காலில் நீச்சல் பழகியவள், கிணற்றிலும் குதிப்பாள். கடலில் சர்ஃபிங் பழக அனுப்பலாமா?
(ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்)

பதில்: தாராளமாக அனுப்புங்கள் அம்மா. தண்ணீர்ப் பயம் விட்டவள் என்பதே பாதி தேறின மாதிரி. ஆனால் வாய்க்கால் ஒரே திசையில் ஓடும், கடல் அப்படியில்லை. கரையில் மோதின தண்ணீர் ஒரு குறுகலான தடத்தில் கூடி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அதை எதிர்த்துக் கரைக்கு நீந்தினால் கை ஓய்ந்துவிடும். பக்கவாட்டில், கரைக்கு இணையாக நீந்தி அந்தத் தடத்தை விட்டு வெளியே வர வேண்டும். போர்டை விட்டுவிட்டு நீந்தக் கூடாது, அதைக் காலோடு கட்டுகிற லீஷ் கயிற்றைக் கழற்றக் கூடாது. விழுந்தால் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மேலே வரச் சொல்லுங்கள். கிளம்பும் முன்பு ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற தேசியக் கடல் தகவல் மையம் வெளியிடுகிற கடல்நிலை எச்சரிக்கையைப் பாருங்கள். கரையில் காற்றே இல்லாத நாளில் தூரத்து ஸ்வெல் திடீரென்று ஏறி வருவதை மலையாளத்தில் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் தமிழ்நாட்டுக் கரைக்கும் அந்த எச்சரிக்கை வந்தது. வானம் தெளிவாக இருக்கிறதே என்று அன்றைக்கு இறங்கக் கூடாது.

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து சென்னைப் பக்கம் தூரம். கிட்டத்தில் ராமேஸ்வரம் போகலாமா?
(ஒரு வாசகர், பொள்ளாச்சி)

பதில்: அலைக்காக என்றால் வேண்டாம். தெற்கிலிருந்து வருகிற ஸ்வெல்லை இலங்கை மறைத்துவிடுகிறது, பாக் நீரிணை ஆழமும் குறைவு. காற்றில் பட்டம் பிடித்து ஓட்டுகிற கைட் சர்ஃபிங்குக்கு அந்தத் தட்டையான தண்ணீர் அருமை. உங்களுக்கு வர்க்கலைதான் சௌகரியம். கோவையிலிருந்து திருவனந்தபுரம் போகிற ரயில்கள் பல வர்க்கலை சிவகிரியில் நிற்கும். மேற்குக் கரையில் மழைக்காலம் ஓய்ந்த பிறகு, கார்த்திகைக்கு மேல் மாசி வரைக்குள் போய் வாருங்கள்.