கோயில் டொமைன், என் செல் நம்பர்

கேள்வி: ஐயா, எங்கள் கோயில் காவடிக் கமிட்டிக்காக 2016-இல் ஒரு டாட் ஆர்க் டொமைனை (இணையதளப் பெயரை) என் பெயரிலேயே பதிந்தேன். வீட்டு முகவரி, செல் நம்பர் எல்லாம் உண்மையாகக் கொடுத்தேன். இப்போது ‘உடனே பணம் கட்டாவிட்டால் டொமைன் போய்விடும்’ என்று மெயில் மேல் மெயில். முகவரியைப் பொய்யாக மாற்றிவிடலாமா? தனிப்பட்ட தகவலைப் பாதுகாக்கும் நம் தென்னாப்பிரிக்க போப்பியா சட்டம் உதவாதா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: பொய் முகவரி மட்டும் வேண்டாம் அம்மா. விவரம் சரிதானா என்று ரெஜிஸ்ட்ரார், அதாவது டொமைனைப் பதிந்து கொடுத்த கம்பெனி, கேட்டு 15 நாளுக்குள் நீங்கள் பதில் சொல்லாவிட்டால், டொமைனையே முடக்க, டொமைன் பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் விதியில் இடம் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் தளம் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?

உங்கள் நம்பர் அப்போதே வெளியே போய்விட்டது. அந்த நாளில், எந்த டொமைன் யாருடையது என்று காட்டும் ஹூ-இஸ் பொதுப் பதிவேட்டில் யார் தேடினாலும் பெயர், தெரு, போன் எல்லாம் தெரியும், அதை மொத்தமாக அள்ளி வைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 2018 மே 25-இல் ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் அமலுக்கு வந்த பிறகுதான் அதையெல்லாம் மறைக்க ஆரம்பித்தார்கள். இன்று தேடினால் பெரும்பாலும் நாடு, மாகாணம், ரெஜிஸ்ட்ரார் பெயர், காலாவதி தேதி, இவ்வளவுதான் தெரியும். ஆனால் பழைய நகலை யாரும் திரும்ப வாங்க முடியாது.

போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் கேட்காமல் விளம்பர மெயில் அனுப்பும் உள்ளூர்க் கம்பெனி என்றால் அந்தச் சட்டத்தைக் கவனிக்கும் இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டரிடம் தாராளமாகப் புகார் கொடுங்கள், ஆனால் எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து ஏமாற்றுகிறவனை அதை வைத்துப் பிடிப்பது கஷ்டம்.

எங்கள் சங்கத்துக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தது, பார்க்க அச்சு அசல் பில் மாதிரி, மேலே டொமைன் பெயர், கொட்டை எழுத்தில் தொகை, கடைசியில் எறும்பு போல ‘இது பில் அல்ல’ என்று ஒரு வரி. பொருளாளர் பணம் கட்டத் தயாராகவே இருந்தார்! மெயிலில் உள்ள லிங்கைத் தொடாதீர்கள். யாரிடம் பதிந்தீர்களோ அந்த ரெஜிஸ்ட்ரார் தளத்துக்கு நீங்களே போய் தேதியைப் பாருங்கள், காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் அவர்களே நினைவூட்ட வேண்டும்.

அப்புறம், பதிவைக் கமிட்டி பெயருக்கு மாற்றி, இரண்டு மூன்று பேர் திறக்கக்கூடிய ஒரு கமிட்டி மெயிலைக் கொடுங்கள். வீட்டு முகவரிக்குப் பதில் கோயில் முகவரி போதும்.