வாசகர் கேள்வி, மேடையின் பதில்: இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் ஒரு சந்திரமதி

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பதினாறு வயதில், ஊர்த் திருவிழாக்களில் இரவு முழுவதும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட்டாக, அதாவது கதாநாயகியாக மேடையேறியவள். வள்ளி, பவளக்கொடி, சாவித்திரி, சந்திரமதி என எல்லா வேடங்களும் கட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் என் பிள்ளைகள் கேட்க நேர்ந்த பேச்சைத் தாங்க முடியாமல் 34 வயதில் நாடகத்தை விட்டேன். இப்போது எனக்கு 61 வயது. வரும் பங்குனித் திருவிழாவுக்கு ஒரு இரவு நடித்துத் தர வேண்டுமென்று எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியார் கேட்கிறார்கள். குரல் இறங்கிவிட்டது, முழங்கால் வலியும் உண்டு. என்னோடு பெரும்பாலும் சேர்ந்து நின்ற, நாயக வேடம் கட்டிய ராஜபார்ட் அண்ணனும் நகைச்சுவை செய்த பபூன் அண்ணனும் இப்போது இல்லை. ஆர்மோனியப் பெட்டி வாசித்த பெரியவர் மட்டும் இருக்கிறார். கால் முடியாமல் வீட்டோடு கிடக்கிறார். அவர்கள் இல்லாத மேடையில் நான் மட்டும் நின்று கைதட்டல் வாங்குவது முறையா? — பெயர் வேண்டாம், புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்: சகோதரி, தயங்காமல் நடியுங்கள். உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். குரலையும் முழங்காலையும் பற்றி ஆளுக்கொரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். மீதியெல்லாம் உங்களோடு நின்றவர்களைப் பற்றியது. அந்தக் கவலையோடு திரும்பி வருகிறவருக்கு மேடை எந்த நாளும் அந்நியமாகிவிடாது.

முதலில் குரல். அந்த நாளில் ஒலிபெருக்கி இல்லாத பொட்டலில், கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் காதிலும் பாட்டு விழ வேண்டும் என்பதற்காகவே நாடகத்தில் ஆணும் பெண்ணும் உச்சத்தில் பாடினார்கள். அதைக் கேட்டு வளர்ந்ததால்தான் சுருதி இறங்கினால் மானம் போய்விடும் என்ற எண்ணம் உங்களுக்கும் வந்திருக்கிறது. இன்று மைக் இருக்கிறது. ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடியவர் வயது ஏறியபின் நாலரைக்கு வருவது இயல்பு. அங்கே நின்று, சொல் தெளிவாக விழும்படி பாடினால் போதும். ஆனால் இதைக் கடைசி நேரத்தில் மேடையில் வந்து சொல்லாதீர்கள். ஆர்மோனியக்காரர் விரலை நகர்த்திக்கொள்வார். மிருதங்கக்காரரால் அது முடியாது. ஒரு சுருதிக்கென்று கட்டிய மிருதங்கத்தை ஒரு முழுக் கட்டை இறக்கினால் அதன் நாதம் கெட்டுவிடும். அவர் வேறு மிருதங்கம் எடுத்துவர வேண்டியிருக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே உங்கள் கட்டையைச் சொல்லி அனுப்புங்கள். உடன் வாசிப்பவருக்குச் செய்யும் முதல் மரியாதை அதுதான் என்பேன்.

குரல் பயிற்சியை இன்றே தொடங்குங்கள். காலையில் கீழ் ஸ்தாயியில் அரை மணி நேரம் போதும். பழைய உச்சத்தைத் தொட்டுப் பார்க்கும் ஆசையை முதல் மாதத்தில் அடக்கிக்கொள்ளுங்கள். குரல் கம்மல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து, என்ன வேடம் என்பது. கமிட்டியார் வழக்கம்போல வள்ளி திருமணத்தைத்தான் கேட்பார்கள். நாரதரோடு தர்க்கம், வேடனோடு தர்க்கம், கிழவனோடு தர்க்கம் என்று வள்ளி இரவு முழுவதும் நின்றபடி பேசியும் பாடியும் ஆக வேண்டும். உங்கள் முழங்கால் அதற்கு இடம் கொடுக்காது. அரிச்சந்திர மயான காண்டத்தைக் கேட்டு வாங்குங்கள் என்பது என் யோசனை. பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைச் சுமந்து வந்து, சுடலை காப்பவன் கேட்கும் கால் பணத்துக்கும் முழத்துண்டுக்கும் வழியில்லாமல் நிற்கும் சந்திரமதியின் புலம்பலை முப்பது வயதில் நீங்கள் பாடியிருப்பீர்கள். இருபத்தேழு ஆண்டு வாழ்ந்து முடித்த குரலில் அதே விருத்தம் எப்படி ஒலிக்கும் என்பதைக் கேட்க, நான் இருக்கும் ஊரிலிருந்து பேருந்து ஏறி வரவும் தயாராக இருக்கிறேன். அந்தக் காட்சியில் உட்கார்ந்து பாடலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இனி, உங்கள் கேள்வியின் உயிரான பகுதிக்கு வருகிறேன். கே.பி. சுந்தராம்பாளின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். 1933 டிசம்பர் 2 அன்று எஸ்.ஜி. கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு 25 வயது. கணவரும், தம் பாட்டுக்கு ஈடுகொடுத்த ராஜபார்ட்டும் ஒரே நாளில் போனார்கள். வெள்ளைச் சேலைக்கு மாறிய அவர் மேடையை விட்டு ஒதுங்கினார். பிறகு 1935-இல் திரைக்கு வந்தபோது ஏற்றது நந்தனார் என்னும் ஆண் வேடம். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதியை அவர் கடைசிவரை கைவிடவில்லை. 1953-இல் ஔவையாராகவும், 1964-இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாகவும் அவர் நின்றதைக் கண்டவர்கள், பக்கத்தில் கிட்டப்பாவின் இடம் வெறுமையாகவே வைக்கப்பட்டிருப்பதையும் சேர்த்தே கண்டார்கள். உடன் நின்றவரை நினைவில் வைத்தபடியே தொடர்ந்து பாட முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே இருக்கும் சான்று இது.

உங்களுக்கு அத்தனை கடுமையான விரதம் வேண்டியதில்லை. ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ஒவ்வொரு கலைஞரும் தனித்தனி ஊரிலிருந்து வந்து அன்றிரவுதான் ஒன்றுசேர்கிறார்கள். பாட்டுகள் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து வருபவை. வசனமும் தர்க்கமும் பெரும்பகுதி அந்த நேரத்தில் பிறப்பவை. அதனால் மறைந்தவர்களின் பெயரை நாடகத்துக்குள்ளேயே சொல்ல உங்களுக்கு வழி இருக்கிறது. தொடக்கத்தில் சபையை வணங்கிப் பேசும் பபூனிடம், முன்பு அந்த வேடம் கட்டிய உங்கள் அண்ணனின் பெயரையும் அவருக்குப் பேர் வாங்கித் தந்த நகைச்சுவை ஒன்றையும் சொல்லிவையுங்கள். இளைய பபூன் அதை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வார். ராஜபார்ட் அண்ணன் ஒரு விருத்தத்தை முடிக்கும்போது அவருக்கென்று ஓர் இழுப்பு இருந்திருக்கும். அது உங்கள் காதில் இன்னும் இருக்கும். அதை இப்போது அரிச்சந்திரன் கட்டும் பையனுக்குப் பாடிக் காட்டுங்கள், யாருடையது என்பதையும் சொல்லுங்கள்.

பெட்டி வாசித்த பெரியவரைப் பற்றி எழுதியதும் எனக்கு உடனே தோன்றியது கால் பெட்டி. கால்களால் மிதித்துத் துருத்தியை இயக்கியதால்தான் நாடக ஆர்மோனியக்காரருக்கு இரண்டு கையும் வாசிக்கக் கிடைத்தது. இப்போது அவருக்குக் கால் முடியவில்லை. கைப்பெட்டியைக் கொடுத்தால் ஒரு கை துருத்திக்குப் போய்விடும். பாதி வாசிப்புதான் வரும், அது அவருக்கு வேதனையாக இருக்கும். ஆகவே கைப்பெட்டியை அவர் முன் வைத்து, எதிரே ஒரு சீடப் பையனை உட்காரவைத்துத் துருத்தியை அவனிடம் கொடுங்கள். பெரியவருக்கு இரண்டு கையும் கிடைத்துவிடும். முழு இரவும் வேண்டாம். உங்கள் புலம்பல் ஒன்றுக்கு மட்டும் அவர் வாசிக்கட்டும். மேடைக்குள் நுழையும்போது வழக்கம்போல அந்தப் பெட்டியைத் தொட்டு வணங்கிவிட்டு நடியுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 68. பபூன் காமிக் செய்தவன். மறுபடி அழைக்கிறார்கள், ஆனால் பாட்டின் அடிகள் மறந்துபோகின்றன. கையில் தாள் வைத்துக்கொள்ளலாமா? — திருச்சி வாசகர்.

பதில்: கையில் தாள் வேண்டாம், கூட்டம் உங்களை விட்டுத் தாளைப் பார்க்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு பாட்டின் முதலடியையும் பெரிய எழுத்தில் எழுதி ஆர்மோனியத்தின் மேல் வையுங்கள். அடுத்த அடி வராதபோது பெட்டிக்காரரைப் பார்த்தால் அவரே எடுத்துக் கொடுப்பார். நாடகத்தில் பக்கவாத்தியக்காரர் எடுத்துக் கொடுப்பதைச் சபை எப்போதும் குறையாகக் கொண்டதில்லை.

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் நாடகத்துக்கு முன்பு மூத்த நாடகக் கலைஞர்களைப் பாராட்ட விரும்புகிறோம். பொன்னாடை போர்த்துவதைத் தவிர வேறு என்ன செய்யலாம்? — விழாக் குழுவினர், மதுரை மாவட்டம்.

பதில்: உங்கள் கேள்வியே மனதுக்கு நிறைவாக இருக்கிறது. நான் கண்ட ஒரு விழாவைச் சொல்லிவிடுகிறேன். எழுபதைக் கடந்த ஒரு கலைஞரை அழைத்து, பேச்சாளர்கள் பேசி முடிக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வைத்தார்கள். ஐந்து பொன்னாடைகள் விழுந்தன. ஒரு பாட்டுப் பாடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கீழே இறங்கியவர் பொன்னாடைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஊர் திரும்பப் பேருந்துக் கட்டணம் உண்டா என்று என்னிடம்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்கு அந்த முகம் மறக்கவில்லை.

எனவே பணமுடிப்பை உறையில் போட்டு அவர் வந்து இறங்கியதுமே கொடுத்துவிடுங்கள். போக்குவரத்துச் செலவு அதில் சேராது, அது தனி. முதலில் அவரைப் பாடச் சொல்லுங்கள், பேச்செல்லாம் பிறகு. அவர் பாடுவதைக் கைபேசியில் முழுமையாகப் பதிவுசெய்து குடும்பத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள்.

விழா முடிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. மாவட்டக் கலை மன்றங்கள் வயதுவாரியாக விருதுகள் வழங்குகின்றன: 51 முதல் 65 வயது வரையுள்ளவர்களுக்குக் கலை நன்மணி, 66 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் கலை முதுமணி. நலிந்த மூத்த கலைஞர்களுக்கு மாதந்தோறும் நிதியுதவி வழங்கும் திட்டம் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தில் உண்டு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் இருக்கிறது. கையெழுத்துப் போடவே சிரமப்படும் பெரியவர், நடித்ததற்கான சான்றுகளையும் பழைய நோட்டீஸ்களையும் தேடித் திரட்டி விண்ணப்பிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. உங்கள் குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் இரண்டு நாள் ஒதுக்கி அதைச் செய்து கொடுத்தால், ஐந்து பொன்னாடை செய்யாததை அது செய்யும்.

மறைந்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். மதுரையில் நாடகக் கலைஞர்கள் ஆண்டுதோறும் சங்கரதாஸ் சுவாமிகளுக்குக் குருபூசை செய்கிறார்கள். 1922-இல் மறைந்த ஆசிரியரை நூறு ஆண்டு கடந்தும் மறவாதவர்கள் அவர்கள். அந்த வழக்கத்தை ஒட்டி, உங்கள் ஊர் மேடையில் நடித்து மறைந்தவர்களின் பெயர்களை முதியவர்களிடம் கேட்டுத் தொகுத்து, இந்த ஆண்டு நோட்டீஸில் நடிகர் படங்களுக்குக் கீழே அச்சிடுங்கள். பபூன், டான்ஸ், மிருதங்கம், டோலக், பல தாளக் கருவிகளை வாசிக்கும் ஆல்ரவுண்ட், ஒப்பனை என யாரும் விடுபடக் கூடாது. ஒவ்வொரு பெயருக்கு முன்னும் ஊர்ப்பெயரைச் சேருங்கள். நாடகக்காரரை ஊர் சேர்த்து அழைப்பதுதான் வழக்கம், அவர்கள் பிள்ளைகளும் அப்படித்தான் தேடிப் படிப்பார்கள்.