பழைய எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் பின்னாள் மாடல் டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தலாமா?

பொருத்தலாம். லூகாஸ் கம்பெனியின் பழைய 25டி4 மாடல் இருந்த இடத்தில் பின்னால் வந்த 45டி4 சிரமமில்லாமல் உட்காரும். மேல்மூடியான கேப்பும் உள்ளே சுழலும் ரோட்டாரும் மட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது; 45டி4-க்கு உரியதையே வாங்குங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் என்பது ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் கருவி. எப்போது அனுப்புவது என்பதும் அதன் வேலைதான். பெட்ரோல் கலவை எரிய சிறிது நேரம் பிடிக்கும். எஞ்சின் வேகம் கூடினால் பொறி இன்னும் முன்னதாக வர வேண்டும். பஸ் வேகமாகப் போகும்போது கண்டக்டர் நிறுத்தத்துக்கு வெகுமுன்பே விசில் ஊதுவாரே, அதுபோல.

எவ்வளவு முன்பு என்பதை உள்ளே இருக்கும் சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும் தீர்மானிக்கின்றன. இந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும். டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் ஓர் எண் பொறித்திருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டு அதைப் படியுங்கள். எந்த எஞ்சினுக்காகச் செய்தது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். என்னைக் கேட்டால், காசு கொடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

அப்புறம், வேக்குவம் குழாய். எஞ்சினின் உறிஞ்சும் இழுவையை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொண்டுவந்து டைமிங்கை, அதாவது பொறி வரும் நேரத்தை, முன்னே நகர்த்துவது இதுதான். பழைய எம்ஜிபியில் அது கார்புரேட்டரிலிருந்து வரும். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது, இழுவை இருக்காது. எஞ்சினுக்குள் கலவை போகும் மேனிஃபோல்டிலிருந்து எடுத்தால் ஐடிலிலேயே முழு இழுவை, டைமிங்கும் முன்னே போய்விடும். அதனால் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு பொறி வரும்போதெல்லாம் மின்னும் ஸ்ட்ரோப் லைட்டில் டைமிங் வையுங்கள்.

புதிய மாடல் என்பதால் எஞ்சினின் சக்தி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். பழையது தேயாமல் சரியாக இருந்தால், மாற்றுவதால் சக்தி கூடாது.