ஜாம்பி படங்கள் ஏன் இவ்வளவு பயமுறுத்துகின்றன? கடிபட்ட ஒருத்தியின் பதில்

கேள்வி: செத்த உடல் எழுந்து நடக்காது என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் ஜாம்பி படம் பார்த்த இரவு தூக்கம் வருவதில்லை. பேய்ப் படங்கள்கூட என்னை இப்படிச் செய்வதில்லை. ஏன்?

விடுதி அறையில், எல்லோரும் தூங்கிய பிறகு, கைப்பேசியில் பார்த்துவிட்டு இதை எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு முன் பதில் எழுதியவர்கள் மரண பயம் என்கிறார்கள், கூட்டத்தின் மீதான பயம் என்கிறார்கள். தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோருமே கதவை அடைத்துக்கொண்டு உள்ளே நிற்பவரின் இடத்தில் தங்களை வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் 48 நாள் கதவுக்கு வெளியே இருந்தவள்.

1984 டிசம்பர். எனக்கு ஒன்பது வயது. கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருந்தோம். அரையாண்டுத் தேர்வு முடிந்து வரும் வழியில், தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு நாய் வந்து கெண்டைக்காலைக் கவ்வியது. குரைக்கவில்லை, துரத்தவில்லை. கடித்துவிட்டு அப்படியே நடந்து போனது. மறுநாள் அதைப் பள்ளத்தில் அடித்துக் கொன்றார்கள். வாயில் நுரை இருந்ததாகச் சொன்னார்கள்.

அந்தக் காலத்து வெறிநாய்க்கடி ஊசியைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. தொப்புளைச் சுற்றி, நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு ஊசி. இப்போது கையில் நான்கைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. பழைய மருந்தை இந்தியாவில் 2004ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஊசி போட்டது குன்னூரில், அந்த மருந்து தயாரானதும் குன்னூரில்தான். சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கும் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் தெற்கே யாரையாவது வெறிநாய் கடித்தால் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலி வரைக்கும் ரயிலில் போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் நோய் முற்றிவிட்டதும் உண்டு. உலகில் இந்தத் தடுப்பூசியை முதன்முதலாக 1885இல் லூயி பாஸ்டர் போட்டது ஜோசப் மைஸ்டர் என்ற பையனுக்கு. அவனுக்கும் ஒன்பது வயது. இதைப் பின்னாளில் படித்தபோது அவனை எனக்கு நெடுநாள் தெரியும் என்று தோன்றியது.

அப்பாவும் அம்மாவும் மாறி மாறி என்னைப் பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். பதினான்கு நாள் கூலி போயிற்று. வயிறு கட்டிகட்டியாக வீங்கி, குப்புறப் படுக்க முடியவில்லை. அது வலிதான், பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது லைனில் நடந்தது.

48 நாள் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பொதுக் குழாயை நான் தொடக்கூடாது. எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பள்ளியில் தனிப் பெஞ்சு. கூட விளையாடியவர்கள் என் முகத்தைவிட வாயைத்தான் பார்த்தார்கள். "தண்ணீரில் நாய் தெரிகிறதா?" என்று ஒருத்தி கேட்டாள். வெறிநாய் கடித்தவர்களுக்குத் தண்ணீரில் நாயின் உருவம் தெரியும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. அதற்குப் பிறகு நான் குடத்துக்குள் பார்க்காமலே தண்ணீர் மொண்டேன்.

ஒருநாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது புரையேறிவிட்டது. இருமினேன், மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிந்தது. அவ்வளவுதான் நடந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பக்கத்து வீட்டு மாமா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். சம்பள நாள்தோறும் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கி வருகிறவர். கையில் இருந்த கவ்வாத்துக் கத்தியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார். நான் "மாமா" என்று கூப்பிட்டேன். கத்தி இறங்கவில்லை. அம்மா வந்து என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்வரை இறங்கவில்லை.

இந்த இடத்தில் சிலர் "படிக்காத தோட்டத் தொழிலாளர்கள், மூடநம்பிக்கை" என்று எழுத வருவீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த மாமாவின் சொந்தத் தம்பி இரண்டு வருடம் முன்புதான் இதே நோயில் இறந்திருந்தார். கடைசி இரண்டு நாள் தண்ணீர் டம்ளரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொள்ளும், கட்டிலோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். மொத்த லைனும் அதைப் பார்த்தது. வெறிநாய்க்கடியில் அறிகுறி தெரிந்துவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. இன்றும் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இதில் சாகிறார்கள், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு நகர்ந்துபோகப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும், ஓராண்டு ஆனதும் உண்டு. அத்தனை நாளும் கடிபட்டவர் நம்மோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பயந்தவர்கள் காரணமில்லாமல் பயப்படவில்லை. இதை நான் அன்றும் அறிந்திருந்தேன், அதனால்தான் அழக்கூடத் தோன்றவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பேய் என்பது வெளியிலிருந்து வருவது. அதற்கு மந்திரிக்கலாம், தாயத்துக் கட்டலாம், கோயிலுக்குப் போகலாம். ஜாம்பி நம் வீட்டிலிருந்து வருவது. நேற்றுவரை மிட்டாய் வாங்கித் தந்தவர். அதைவிடப் பெரிய பயம், அது நாமாகவே இருந்துவிடலாம் என்பது. "28 டேஸ் லேட்டர்" (2002) படத்தில் கிருமி தொற்றிய சில நொடிகளில் ஆள் மாறிவிடுவான். வெறிநாய்க்கடி மாதக்கணக்கில் செய்வதை அந்தப் படம் மூச்சு விடும் நேரத்துக்குள் சுருக்கிவிட்டது. மகளும் தகப்பனும் ஒருவரையொருவர் பார்த்து முடிவெடுக்க அவ்வளவு நேரம்தான். உங்களைத் தூங்கவிடாதது அந்த நொடிகள் என்றே நினைக்கிறேன்.

நான் திரைப்பட ஆய்வாளர் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள். ஆனால் என் பெண் இந்தப் படங்களாகப் பார்த்துத் தள்ளுவதால் இருபது வருடமாக நானும் கூட உட்கார்ந்து பார்க்கிறேன், தேடிப் படித்தும் இருக்கிறேன். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: முதலில் ஜாம்பி யாரையும் கடித்ததே இல்லை. அது ஹைட்டித் தீவின் கதை. அங்கே பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகள் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். செத்தால் விடுதலை, ஆன்மா தாய்நாட்டுக்குத் திரும்பிவிடும் என்று நம்பினார்கள். அப்படிச் செத்த பிறகும் ஒரு மந்திரவாதி எழுப்பி மறுபடி வேலை வாங்கினால்? அந்த நினைப்புத்தான் ஜாம்பி. அவர்கள் ஜாம்பிக்குப் பயப்படவில்லை, ஜாம்பி ஆகிவிடுவோமோ என்று பயந்தார்கள். 1804இல் அந்த அடிமைகளே போராடி நாட்டை விடுவித்தார்கள். 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அங்கே இருந்தபோதுதான் கதை கப்பலேறியது. 1932இல் வந்த "ஒயிட் ஜாம்பி" படத்தில் கரும்பாலையில் செத்தவர்கள் செக்கைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒருவன் தவறி உள்ளே விழுவான், மற்றவர்கள் நிற்காமல் சுற்றுவார்கள்.

அந்தக் காட்சியைப் பார்த்தபோது அப்பாவைப் பெற்ற அப்பாயி ஞாபகம் வந்தது. இலங்கைத் தோட்டத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் செய்த சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி, நான் பிறக்கும் முன் 1971இல் அங்கிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மறுபடி தேயிலைக்கே வந்தார்கள். அப்பாயியின் தாயார் காலத்தில் கங்காணியிடம் பட்ட கடனுக்குத் "துண்டு" எழுதுவார்களாம். கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. "செத்தாலும் பெரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் சாக வேண்டும்" என்று அப்பாயி சொல்வாள். பெரட்டு என்பது காலையில் தோட்டத்தில் ஆட்களைக் கணக்கெடுப்பது. ஹைட்டியை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவள்.

நம் தமிழிலும் "மிருதன்" 2016இல் வந்தது. கதை நடப்பது ஊட்டியில், நோய் பரவத் தொடங்குவது ஒரு நாயிடமிருந்து. அரங்கில் என் பெண் கைதட்டிப் பார்த்தாள். நான் சுடப்படுகிறவர்களின் முகங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். படத்தைக் குறை சொல்ல வரவில்லை, எங்கள் மலையில் இப்படி ஒரு கதை நடக்கலாம் என்று யோசித்ததற்கே நன்றி. அதன் நாயகன் ஊட்டியில் போக்குவரத்துக் காவலர். அதைச் சொல்லும்போது இதையும் சொல்லாமல் போக முடியவில்லை: மே மாதத்தில் எங்கள் ஊர்ச் சாலையில் வந்து பாருங்கள். 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தும், சீசன் நாட்களில் குன்னூர்ச் சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கின்றன. போன வருடம் மூச்சுத் திணறலோடு இருந்த என் மாமியாரை ஏற்றிக்கொண்டு போன கார் ஒரு வளைவில் நாற்பது நிமிடம் நின்றது. முன்னால் நின்ற வண்டிக்காரர்கள் இறங்கிப் பனிமூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வழி கேட்டதற்கு, "எல்லோரும்தான் நிற்கிறோம்" என்றார் ஒருவர். இங்கே ஆட்கள் வாழ்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. காட்சி முனைகளில் பிரியாணிப் பொட்டலங்களை வீசிவிட்டுப் போகிறார்கள், அதைத் தின்ன நாய்கள் கூட்டமாகச் சேர்கின்றன, மாலையில் அந்த வழியாகத்தான் எங்கள் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். நான் நாய்களை வெறுப்பவள் இல்லை. வீட்டில் இரண்டு வளர்க்கிறேன், இரண்டுக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுகிறேன். யாரையாவது நாய் கடித்தால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். 48 நாள் முடிந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் விளையாட வந்தார்கள். அந்த மாமா மட்டும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மிட்டாயும் நின்றது. என் கல்யாணத்தில் 101 ரூபாய் மொய் எழுதிவிட்டு, மேடைக்கு வராமல், சாப்பிடாமல் போனார். அவர் இருந்தவரை எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தக் கத்தி இருந்தது. என்னைக் கொன்றிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது.

"நைட் ஆஃப் தி லிவிங் டெட்" என்ற 1968ஆம் ஆண்டுப் படத்தைப் பாருங்கள். ஜார்ஜ் ரொமேரோ எடுத்தது, இன்றைய ஜாம்பி படங்களுக்கெல்லாம் அதுதான் மூலம். இரவெல்லாம் போராடி அந்த வீட்டில் உயிரோடு மிஞ்சும் ஒரே ஆள் ஒரு கறுப்பினத்தவர். விடிந்ததும் காப்பாற்ற வந்த கூட்டம் தூரத்திலிருந்து அவரையும் ஜாம்பிகளில் ஒன்று என்று எண்ணிச் சுட்டுவிடும். "யார் நீ?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 2020இல், கொரோனா நேரத்தில், சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் திரும்பி வந்த எங்கள் பிள்ளைகளை ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு நிறுத்தினார்கள். நிறுத்தியவர்கள் நடுவில் நானும் நின்றேன். அதை மறைத்து இந்தப் பதிலை எழுத எனக்கு மனமில்லை.

அதே படத்தில் நிலவறைக்குள் ஒரு சிறுமி படுத்திருப்பாள். அவளைக் கடித்துவிட்டிருக்கும். தாயும் தகப்பனும் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வார்கள். கடைசியில் அவள் எழுந்து தாயையே கொன்றுவிடுவாள். என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். அந்த 48 இரவும் அப்பாயி என்னோடுதான் படுத்திருந்தாள், தன் முந்தானையை என் கணுக்காலில் முடிந்துகொண்டு. லைனே ஒதுக்கியபோது அவள் ஒருத்திதான் என்னைத் தன்னோடு கட்டிக்கொண்டாள் என்று முப்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அதைத்தான் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நீ ராத்திரி எழுந்தால் அவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? உன் தம்பி தொட்டிலில் இருந்தான்" என்றாள்.

அப்பாயி போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அப்படியானால் என்னைப் பார்த்துப் பயந்துதான் கட்டினாளா என்று கேட்டேன். அம்மா அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. முடிச்சு இறுக்கமாக இருக்காது, கால் வலிக்கும் என்று தளர்த்தித்தான் போடுவாள் என்றாள். நான் புரண்டால்கூட விழித்துக்கொள்வாளாம். விடியற்காலை நான் எழும் முன் அதை அவிழ்த்துவிட்டு, போர்வையை இழுத்து என் காலை மூடி, கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்துக்குப் போய்விடுவாளாம்.