எழுபதாயிரத்துக்குள் கேமிங் கம்ப்யூட்டர்: செட்டிநாட்டிலிருந்து சில கேள்விகள்

காரைக்குடியில் பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். பள்ளி, கல்லூரி லீவு நெருங்கினால் போதும், கேமிங் சிஸ்டம் பற்றிய கேள்விகள் குவிந்துவிடும். இந்தத் தடவை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கோட்டையூர், கல்லூரி மாணவர்: அண்ணே, மானிட்டரோடு சேர்த்து 70,000 ரூபாய் இருக்கிறது. கீபோர்டு, மவுஸ் கையில் உண்டு. வேலரன்ட், ஜிடிஏ 5, முடிந்தால் சைபர்பங்க் விளையாட வேண்டும். ஐ7 இல்லாமல் கேமிங் சிஸ்டமே போடாதே என்கிறான் நண்பன்.

பதில்: தம்பி, நண்பனைக் கொஞ்ச நேரம் ஓரமாக உட்கார வை. புராசசரில் ஆரம்பித்தால் பட்ஜெட் அங்கேயே கரைந்துவிடும். திரையில் ஆரம்பி. உன் பணத்துக்கு 24 அங்குல ஃபுல் எச்டி, 144 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ (நொடிக்கு அத்தனை தடவை படம் மாறும்) உள்ள மானிட்டர் போதும். 4கே திரையில் ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள். அத்தனையையும் வரைந்து தள்ளுகிற கார்டு மட்டுமே உன் மொத்தப் பணத்தையும் கேட்கும்.

திரை முடிவானதும் கிராபிக்ஸ் கார்டு. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கு. ஆர்எக்ஸ் 6600 மாதிரி 8 ஜிபி கார்டு ஃபுல் எச்டிக்குத் தாங்கும். சைபர்பங்கில் ஒளியையும் நிழலையும் நிஜம்போல் விழவைக்கும் ரே டிரேசிங்கை மட்டும் அணைத்துவிடு. அதன் பிறகுதான் புராசசர்: ரைசன் 5 5600 அல்லது ஐ5 12400எஃப். இரண்டும் 2022-ல் வந்தவை, இரண்டுக்கும் ஆறு கோர் (வேலை செய்யும் மூளை), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை). வேலரன்ட் கார்டைவிடப் புராசசரைத்தான் அதிகம் வேலை வாங்கும். அதற்கும் இவை தாராளம். ஐ7-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைக் கார்டில் போட்டால் ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரியும்.

5600 உட்காருவது ஏஎம்4 சாக்கெட்டில், அதாவது மதர்போர்டில் புராசசர் பொருந்தும் இடத்தில். அதில் இனிப் பெரிய முன்னேற்றம் கிடையாது. புது ஏஎம்5-க்கு 2027 வரையாவது ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது, ஆனால் டிடிஆர்5 என்ற புதுத் தலைமுறை ராம் கட்டாயம். இன்றைய ராம் விலையில் உன் பட்ஜெட் அங்கே எட்டாது. மூன்று நான்கு வருடம் இதை ஓட்டிவிட்டு, வேலைக்குப் போய் மொத்தமாக மாற்று.

புதுவயல்: ஒரு விளம்பரம் பார்த்தேன். 'ஐ7, 16 ஜிபி ராம், கேமிங் கேபினெட், 18,000 ரூபாய் மட்டுமே'. வாங்கலாமா?

பதில்: ஐ7-க்குப் பின்னால் என்ன எண் என்று கேளுங்கள். 2600 என்றால் 2011-ல் வந்தது, 3770 என்றால் 2012. ஆபீஸ்களில் கழித்துப்போட்ட புராசசரைப் புதுக் கேபினெட்டில் உட்கார வைத்து நாலு லைட் போட்டிருப்பார்கள். விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை அனேகமாகக் கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. இந்தப் பழைய சிப்களில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாததால் சில புது கேம்கள் திறக்கவே மறுக்கும். கணக்கு எழுத, படம் பார்க்க வேண்டுமானால் சரி. கேமிங்குக்கு வேண்டாம்.

தேவகோட்டை, ஓர் ஆச்சி: பேரன் லீவுக்கு வருகிறான். ஏதோ கார்டு வாங்க மட்டும் 25,000 கேட்கிறான். ஒரு கார்டுக்கு இவ்வளவா? என்னை ஏமாற்றுகிறானா?

பதில்: ஏமாற்றவில்லை ஆச்சி. பேர்தான் கார்டு, ஆள் செங்கல் கனம் இருக்கும். திரையில் தெரியும் படத்தை நொடிக்கு நூறு தடவை வரைகிற தனிக் கம்ப்யூட்டர் அது. கேமிங் சிஸ்டத்தில் விலை அதிகமான பாகமும் அதுதான். பணத்தைக் கையில் கொடுக்காமல் கடைக்குக் கூடவே போய், அவன் பெயரில் பில் போட்டு, வாரன்டி எத்தனை வருடம் என்று நீங்களே கேளுங்கள். நீங்கள் கேட்டால் கடைக்காரர் ஒழுங்காகப் பதில் சொல்வார்.

கானாடுகாத்தான்: அய்யா காலத்து வீடு. புது சிஸ்டம் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது, கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது. வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல்லில் நின்றால் இன்னும் அதிகம். கடையில் 'எங்களிடம் நன்றாகத்தான் ஓடுகிறது' என்கிறார்கள்.

பதில்: கடைக்காரர் சொல்வது உண்மையாக இருக்கலாம். கோளாறு உங்கள் வீட்டு பிளக் பாயின்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கேபினெட்டுக்குள் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் ஒரு வடிகட்டி உண்டு. அதில் ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு குட்டிக் கெபாசிட்டர்கள் கேபினெட் உடம்போடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட், கேபினெட் மேலேயே நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் தூக்கி அடிக்காது, சுருக்கென்று மட்டும் இழுக்கும்.

நம் பக்கத்துப் பழைய வளவு வீடுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். தேக்குத் தூண் பளபளவென்று இருக்கும், வயரிங் மட்டும் மரப்பட்டை மேல் ஓடும் பழைய இரண்டு வயர். பின்னால் வந்தவர்கள் அதிலேயே மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் மாட்டிவிட்டார்கள், மூன்றாவது ஓட்டைக்குள் ஒன்றுமில்லை. எலக்ட்ரீஷியனை வைத்துக் கொல்லைப்புறத்தில் எர்த் குழி போட்டு, கம்ப்யூட்டர் அறைக்குத் தனி வயர் இழுங்கள். கூடவே மின்சாரம் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றும், 30 மில்லிஆம்பியரில் விழுகிறதாகப் பார்த்து, போடுங்கள். சித்திரை வெயிலில் நம் செம்மண் காய்ந்து கிடந்தால் எர்த் சரியாகப் பிடிக்காது, அப்போது குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சிலர் நியூட்ரலையும் எர்த் பின்னையும் சின்ன வயரால் கோர்த்து 'சரியாகிவிட்டது' என்பார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் கேபினெட்டில் முழு 230 வோல்ட்டும் ஏறும், அது ஆளைக் கொல்லும்.

அதுவரை? செருப்புப் போட்டுக்கொண்டு விளையாடலாம் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் சொல்ல மாட்டேன். எர்த் வரும்வரை பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

பள்ளத்தூர்: கேபினெட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் இலவசமாக வருகிறது. தனியாக எதற்கு வாங்க வேண்டும்?

பதில்: நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே இலவசத்தை ஒரு சிஸ்டத்தில் போட்டேன். மூன்றாம் மாதம் அது வெடித்ததோடு நிற்கவில்லை, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. வாடிக்கையாளருக்கு என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். 12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது? அதை 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். மேலே 450 என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் கார்டுக்கும் புராசசருக்கும் கிடைப்பது அந்த 216-தான். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 45 ஆம்பியர் அளவுக்கு இருக்கும், அதாவது 540 வாட். ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட், 5600 புராசசர் 65 வாட், மற்றவை கொஞ்சம். மொத்தம் 250-ஐத் தாண்டுவது அரிது. ஆகவே 550 வாட் தாராளம், 750 வேண்டாம். '80 பிளஸ் பிரான்ஸ்' முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதற்கான சான்று மட்டுமே. உள்ளே தரமான பாகம் இருக்கிறதா என்று அது சொல்லாது. ஐந்து வருட வாரன்டி தருகிறார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கண்டனூர்: வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டலாமா, தனி யுபிஎஸ் வேண்டுமா?

பதில்: சைன் வேவ் (லைன் கரண்ட் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டர் என்றால் யுபிஎஸ் மோடில் வைத்து ஓட்டிப் பார்க்கலாம், திறன் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்கொயர் வேவ் என்றால் வேண்டாம். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் இருக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சர்க்யூட் அந்த மின்சாரத்தோடு ஒத்துப்போகாமல் சிஸ்டத்தை அணைத்துவிடக்கூடும். தனி யுபிஎஸ் என்றால் 600 விஏ என்பது ஏறத்தாழ 360 வாட்தான். மானிட்டரையும் சேர்த்து 1000 விஏ எடுங்கள். ஆட்டத்தைச் சேவ் செய்து அணைக்கப் பத்து நிமிடம் கிடைத்தால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை இடிக்கு யுபிஎஸ் காப்பாற்றாது. பிளக்கோடு லேன் கேபிளையும் கழற்றுங்கள். மாடியிலிருந்து இழுத்து வந்த லேன் கேபிள் வழியாக இடி இறங்கி, கரண்டே இல்லாத நேரத்தில் மதர்போர்டு போன கதை இந்த ஊரில் உண்டு.

ஆத்தங்குடி: 35,000 ரூபாய்தான் இருக்கிறது. இப்போது கார்டு இல்லாமல் வாங்கிவிட்டு, பொங்கலுக்கு கார்டு போடலாமா? மானிட்டருக்குப் பதில் டிவி இருக்கிறது.

பதில்: நல்ல யோசனை. ரைசன் 5 5600ஜி வாங்குங்கள். அந்த 'ஜி'தான் முக்கியம், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. வெறும் 5600-ஐ வாங்கினால் கார்டு வரும்வரை திரையில் ஒன்றும் வராது. வேலரன்டை ஃபுல் எச்டியில் செட்டிங் குறைத்து நன்றாகவே விளையாடலாம். ராம் மட்டும் ஒரே 16 ஜிபியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டு போடுங்கள். உள் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பங்கு கேட்கும். இரண்டு குச்சி என்றால் பாதை இரண்டு மடங்காகும்.

ஒரு குறையும் உண்டு. கார்டுக்கும் புராசசருக்கும் இடையிலான பாதையான பிசிஐஇ-யில் 5600ஜி பழைய 3.0 வரைதான் போகும். ஆகவே பொங்கலுக்கு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற, அந்தப் பாதையில் நான்கே தடம் உள்ள கார்டு வாங்கினால் அடி விழும். 6600-க்குச் சேர்த்து வையுங்கள். டிவியில் கேம் மோடு இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சுட்டு ஒரு கணம் கழித்துத்தான் திரையில் சுடும்.

தேவகோட்டை, கடை வைத்திருப்பவர்: ராம் விலை ஏன் இப்படி ஏறியது? குறையட்டும் என்று காத்திருக்கலாமா?

பதில்: உலகத்தின் மெமரி சிப்பில் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே பேர். 2025-ன் பிற்பகுதியிலிருந்து ஏஐ சர்வர்களுக்கு அவர்கள் சரக்கைத் திருப்பிவிட, நம் மாதிரி ஆட்களுக்குத் தட்டுப்பாடு. மைக்ரான் தன் குரூசியல் பிராண்டையே சில்லறைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொள்வதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. காத்திருந்து லாபம் பார்க்கலாம் என்று நான் நம்பவில்லை. வீட்டில் பழைய டிடிஆர்4 ராம் ஓடுகிற நிலையில் இருந்தால் அதற்கு ஏற்ற போர்டை வாங்குங்கள், அதுதான் இன்றைக்குச் சிக்கனம்.

கல்லல்: ஆர்ஜிபி கலர் லைட் போட்டால் வேகம் கூடுமா?

பதில்: கூடாது. கொலு வைக்கும்போது உதவும்.

காரைக்குடி, செக்காலை: சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கினால் லாபமா? செகண்ட் ஹேண்ட் கார்டும் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: காலையில் பல்லவனில் ஏறினால் மதியம் எழும்பூர், அங்கிருந்து ஆட்டோவில் பக்கம்தான். நான்கு கடை ஏறி விலை கேட்கலாம், அந்த அனுபவமே தனி. ஆனால் ரயில், சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்துக் கழித்தால் ஒரே ஒரு சிஸ்டத்துக்கு மிச்சம் சொற்பம். பாகம் பழுதானால் மறுபடி அங்கேதான் போக வேண்டும். நான் உள்ளூர்க்காரன், வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் தப்பில்லை.

செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 அதிகம் வரும். நிறையக் கார்டுகள் கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓடியவை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் நின்றதும் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. அதிலும் ஒரு தந்திரம்: உண்மையான 580-க்கு 2304 ஷேடர் கோர் (படம் வரையும் குட்டிக் கணக்கு அலகு), அதே பெயரில் 2048 மட்டும் உள்ள இன்னொன்றும் உலவுகிறது. ஜிபியு-இசட் மென்பொருளில் எண்ணைப் பாருங்கள். விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

குன்றக்குடி: ஐ5 12400, ஆர்டிஎக்ஸ் 3060, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். எல்லாம் புதுசு. ஆனால் ஜிடிஏ 5 திக்கித் திணறுகிறது. கார்டு டூப்ளிகேட்டா?

பதில்: கேபினெட்டின் பின்பக்கம் பாருங்கள். மானிட்டர் கேபிள் மேலே, யுஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறதா? அது மதர்போர்டின் வாய். உங்கள் 12400-க்குப் பின்னால் 'எஃப்' இல்லாததால் உள் கிராபிக்ஸில் படம் வந்துகொண்டிருக்கும், 3060 சும்மா தூங்கும். கேபிளைக் கீழே, படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் வாயில் மாற்றுங்கள், முடிந்தால் டிஸ்ப்ளேபோர்ட்டில். அப்புறம் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸாக இருப்பதை 144 ஆக்குங்கள். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆரம்பிக்கும்போது திறக்கும் செட்டிங்) ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் 3200 வேக ராம் 2133-லோ 2666-லோ நகர்ந்துகொண்டிருக்கும். மூன்றும் செய்த பிறகும் திணறினால் ஞாயிறு தவிர எந்த நாளும் சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், மானிட்டர் வேண்டாம்.