பின்லாந்து கிராமத்து ரொட்டியில் நடுவே ஏன் ஓட்டை?

பின்லாந்து கிராமங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் சிறுவயதுச் சாப்பாட்டைக் கேட்டால், கூரைக்கடியில் கழியில் கோத்துத் தொங்கிய ஓட்டை ரொட்டி கட்டாயம் பேச்சில் வரும். புளிக்கவைத்த ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) மாவில் செய்வது. ஓட்டை அழகுக்காக இல்லை. அந்தக் காலத்தில் நாட்டின் மேற்குப் பகுதியில் வருடத்துக்குச் சில தடவைதான் மொத்தமாகச் சுடுவார்கள். தொங்கவிட்டால் நன்றாகக் காய்ந்து மாதக்கணக்கில் கெடாது.

கிழக்கில் அடிக்கடி சுடுவதால் ரொட்டி தடிமனாக, மெத்தென்று இருக்கும். அப்புறம் அந்த அடுப்பின் தணியும் சூட்டில் கறிச்சட்டியை மணிக்கணக்கில் வைத்துவிடுவார்கள். எவ்வளவு பொறுமையான சமையல்!

இரண்டாம் உலகப் போரில் கிழக்கு எல்லையிலிருந்த கரேலியப் பகுதி சோவியத் யூனியனிடம் பறிபோய் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தபோது, அரிசிக் கஞ்சியை உள்ளே வைத்து மடிக்கும் கர்யாலன்பீரக்கா என்ற பலகாரமும் அவர்களோடு நாடெங்கும் பரவியது. வெந்த முட்டையை வெண்ணெயில் மசித்து அதன்மேல் தடவிச் சாப்பிடுவார்கள்.